நிறுத்தாத பம்பு

பச்சை அட்டைப்பெட்டியில் வருகிற மலிவு பம்புகள், மின்சாரம் ஒருதடவை நின்று வந்தால் மறுபடி ஓடுவதில்லையாம். மீன்தொட்டிக்குள் தண்ணீரைச் சுற்றவிடுகிற, கைக்குள் அடங்கும் சின்னப் பம்புகளைத்தான் சொல்கிறேன். என் அக்காவுக்கு இதைச் சொன்னது வளர்ப்புமீன் கடையில் பில் போடுகிற பெண். அவளுக்குச் சொன்னது யாரோ ஒரு வாடிக்கையாளர். ஏதோ ஒரு நகைக்கடையில் அரைமணி நேரம் மின்சாரம் போனதாம், வந்ததாம், விளக்கெல்லாம் எரிந்ததாம், பம்பு மட்டும் எழுந்திருக்கவே இல்லையாம். மறுநாள் கடையைத் திறந்தால் ஒரு மீன்கூட மிச்சமில்லையாம்.

இத்தனை ‘ஆம்’களுக்கு நடுவே உண்மை எவ்வளவு என்று தெரியாது. வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளையில் அக்கா இதைச் சொன்னபோது அத்தான் தட்டிலிருந்து நிமிராமல், நகைக்கடைக்காரன் பம்பை ஒழுங்காகக் கழுவியிருக்க மாட்டான் என்றார். அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் கை கழுவ எழுந்தவர் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார். அக்கா போய் மூடினாள்.

அத்தானுக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபது வருஷம் துணி துவைக்கும் மெஷின் பழுதுபார்க்கும் கம்பெனியில் இருந்தார். அதை மூடிவிட்டார்கள். பழுதுபார்க்கப் போன வீடுகளில் மெஷினைவிட மீன்தொட்டிதான் அடிக்கடி மக்கர் பண்ணுகிறது என்று முன்னமே கண்டு வைத்திருந்ததால், இந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்தார். இப்போது அவர் கையில் பதினான்கு தொட்டிகள். வக்கீல் ஆபீஸ், கண்ணாடிக் கடை, இரண்டு ஓட்டல், மிச்சமெல்லாம் மருத்துவர்கள். எங்கே போனாலும் ஒரு நீல வாளி கூடவே போகும். கட்டடக் காவலாளிகளுக்கு அவர் வாளி அண்ணன்.

ஓடுகிற எதைக் கண்டாலும் கை வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். பேருந்தில் உட்கார்ந்தால் பக்கத்துத் தகட்டில் உள்ளங்கை. வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் பிரிட்ஜின் முதுகு. “எனக்குக் காய்ச்சல் வந்தா நெத்தியில கை வைக்கமாட்டாரு. பிரிட்ஜுக்கு மட்டும் தினமும் வைப்பாரு,” என்பாள் அக்கா.

மலிவு பம்பைப் பற்றி அவருக்குத் தாழ்வான எண்ணம் கிடையாது. அதற்குள் இருப்பதே ஒரு காந்த உருளை, அதன் முனையில் இறக்கை, இரண்டு பக்கமும் ரப்பர்க் குமிழ், நடுவே மெல்லிய பீங்கான் கம்பி. மாதம் ஒருமுறை கழற்றி, பாதி வினிகர் பாதி தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, டூத்பிரஷால் தேய்த்தால் மூன்று வருஷம் ஓடும். தேய்க்காவிட்டால் உப்பும் சுண்ணாம்பும் உருளையைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும். அப்போதும் ஓடும். சுற்றிக்கொண்டிருக்கிற வேகத்தில் தன் அழுக்கைத் தானே விலக்கிக்கொண்டு ஓடும். நின்றால்தான் வம்பு. நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்ளும்.

டூத்பிரஷ் கொடுப்பவர் அவருடைய வாடிக்கையாளர்களில் ஒருவரான பல் டாக்டர். கம்பெனிக்காரர்கள் இலவசமாகத் தரும் மாதிரி பிரஷ்களைக் கட்டுக்கட்டாக அத்தானிடம் தள்ளிவிடுவார். எங்கள் வீட்டில் யார் பல்லையும்விடப் பம்புகள் சுத்தம்.

அந்த டாக்டரின் காத்திருப்பு அறையில் ஆறு கடல்மீன்கள் இருந்தன. அதில் ஆரஞ்சுநிற ஜோடி ஒன்று, ஒன்பது வருஷமாக இருப்பது, மருத்துவமனை திறந்த வாரத்தில் வாங்கியது. பயந்து வாயை மூடிக்கொள்ளும் குழந்தைகளிடம் டாக்டர் அதைக் காட்டி, அந்த மீன் எப்படித் திறக்கிறது பார் என்பார். போன வருஷம் பழைய பம்பு போனபோது விலை உயர்ந்ததாக ஒன்று வாங்கிவிடலாம் என்று அவர்தான் சொன்னார். அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பச்சைப் பெட்டியே போதும், மாதாமாதம் கழுவுவது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தார். கொடகொடவென்று சத்தம் போடுகிறது என்று குமிழி விடும் காற்றுக்குழாயை டாக்டர் எடுக்கச் சொன்னபோதும் சரியென்றார். ஆகமொத்தம் அந்த ஆறும் மூச்சு விடுவது ஒரே ஒரு பம்பின் தயவில்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கே வாளியைத் தூக்கிவிட்டார். எனக்கு விடுமுறை என்பதால் கூடப் போனேன். வக்கீல் ஆபீசில் பம்பை நிறுத்தினார், பத்து எண்ணினார், போட்டார். ஓடியது. கண்ணாடிக் கடையில் ஓடியது. ஒவ்வொரு இடத்திலும் முகம் தெளிவதற்குப் பதிலாக இன்னும் இறுகியது. பல் டாக்டர் இடம் வழியிலேயே இருந்தும் தாண்டிப் போனார். கேட்டதற்கு, கடைசியில் பார்த்துக்கலாம் என்றார்.

கடைசியில் போனபோது மணி ஒன்றரை. சனிக்கிழமை ஒரு மணிக்கே மூடிவிடுவார்கள், அது அவருக்குத் தெரியாததல்ல. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கட்டடத்தில் மின்வேலை நடப்பதால் நாளை காலை பத்திலிருந்து ஒரு மணிவரை மின்சாரம் இருக்காது.

அத்தான் அதை மூன்று தடவை படித்தார். டாக்டர் வெளியூரில், திங்கட்கிழமை மத்தியானம்தான் வருவார். அவரைத் தவிர சாவி இருப்பது வரவேற்பில் உட்காரும் பெண்ணிடம். அவளை அழைத்தார். தான் ஒரு நிகழ்ச்சியில் இருப்பதாகவும், நாளைக் காலை ஒன்பதரைக்கே வந்து கண்டிப்பாகத் திறந்துவிடுவதாகவும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு நாங்கள் அங்கே இருந்தோம். பத்துக்கு நடைவழி விளக்கு அணைந்தது. அவள் வரவில்லை. ஒன்பதே முக்காலிலிருந்து அழைத்தார், எடுக்கவில்லை. பதினொன்றேகாலுக்கும் அப்படியே. காவலாளி நாற்காலி கொண்டுவந்து போட்டார். அத்தான் உட்காரவில்லை. கதவுக் கண்ணாடியில் மங்கல் பூச்சு இல்லாத ஒரு பட்டை உண்டு. அதில் கண்ணை வைத்துப் பார்ப்பது, நாலடி நடப்பது, திரும்ப வந்து பார்ப்பது.

நான் அவரைத் தேற்றுவதற்காக, மாதாமாதம் கழுவுகிற பம்புதானே, மின்சாரம் வந்ததும் ஓடிவிடும் என்றேன்.

“கழுவல மச்சான்,” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“நாலு மாசமா கழுவல. ஒரு தடவை கை வச்சப்ப உள்ள ஒரு உரசல் தெரிஞ்சுது. நிறுத்திக் கழட்டினா திரும்ப ஓடாதோன்னு ஒரு பயம். ஓடுறத எதுக்கு நிறுத்துவானேன்னு விட்டுட்டேன். அடுத்த மாசம் இன்னும் பயம். மாசம் ஏற ஏற கை போகமாட்டேங்குது.”

“புதுசு ஒண்ணு மாட்டியிருக்கலாமே அத்தான்.”

“மாட்டியிருக்கலாம். அப்ப, நான் சொன்ன பம்பு ஒரு வருஷம்கூட வரலன்னு அவர்கிட்ட சொல்லணும். தொட்டிக்குப் பின்னால ஒரு அட்டை தொங்குது பாரு. நாலு மாசமும் கழுவினதா தேதி போட்டுக் கையெழுத்து வச்சிருக்கேன்.”

சொல்லிவிட்டு வாளிக்குள் பார்த்தார். அதில் புதுப் பம்பு ஒன்று, பெட்டி பிரிக்காமல், தயாராக இருந்தது. உள்ளே போக முடிந்தால் மாற்ற ஐந்து நிமிஷம்.

ஆறு மீனும் இந்த வெக்கையில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டேன். ஐந்து மணி நேரம், மிஞ்சினால் ஆறு என்றார். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஏற்கெனவே ஓடிவிட்டது.

ஒன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது மின்சாரம் வந்தது. நடைவழி விளக்கு, லிப்ட், உள்ளே எங்கோ குளிர்பதனப் பெட்டி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உயிர் பெற்றன. தொட்டியின் நீல விளக்கும் எரிந்தது. நாங்கள் இருவரும் ஒரே பட்டையில் கண்ணை வைத்தோம். தண்ணீர் அசையவில்லை. மேல்மட்டம் இஸ்திரி போட்ட துணிபோல் கிடந்தது. ஆறும் மேலே வந்து தண்ணீர் விளிம்பில் வாயை வைத்துக்கொண்டிருந்தன.

அத்தான் கதவில் உள்ளங்கையைப் பதித்தார். எதையோ தொட்டுப் பார்ப்பவர்போல ஒரு நிமிஷம் அப்படியே நின்றார்.

காவலாளி பூட்டுக்காரர் ஒருவரைத் தெரியும் என்றார். ஆனால் டாக்டர் வாயால் ஒரு வார்த்தை கேட்காமல் எந்தக் கதவையும் திறக்கவிட மாட்டேன், வேலை போய்விடும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

“அந்தப் பொண்ணுக்கே இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாம்,” என்றேன். அதற்குள் பத்துப் பதினைந்து தடவை போட்டாகிவிட்டது.

“இல்ல. டாக்டருக்கே போடுறேன்.”

“என்ன சொல்லுவீங்க? பம்பு திடீர்னு நின்னுபோச்சுன்னா போதாதா?”

“திடீர்னு நிக்கல மச்சான். அட்டையில இருக்கிறது பொய்யுன்னு சொல்லணும். அதச் சொல்லிட்டுத்தான் கதவத் திறக்கச் சொல்லிக் கேக்கணும்.”

அலைபேசியை எடுத்து எண்ணைத் தேடினார். ஈரக் கை, திரை கேட்கவில்லை. சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டார். பிறகு, காதில் வைத்தால் தைரியம் போய்விடும் என்பதுபோல ஒலிபெருக்கியில் போட்டு, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். காவலாளி மரியாதைக்காக நாலடி தள்ளி நின்றார்.

மணி அடித்தது. அத்தானின் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. முதல் வார்த்தை ‘வணக்கம்’ என்று தெரிந்தது, அடுத்தது தெரியவில்லை. உள்ளே ஆரஞ்சுநிற ஜோடியில் ஒன்று மேலேயிருந்து விலகிப் பாதி ஆழம் வரை தாழ்ந்தது. நான் அதை அவரிடம் சொல்லவில்லை. ஏழாவது மணி, எட்டாவது. எடுக்கும்வரை நான் வைக்கமாட்டேன் என்றார் அத்தான், என்னிடமா கதவிடமா தெரியவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.