கம்ப்ரசர் ரூம் மோசஸ் அண்ணன்

மோசஸ் அண்ணன் போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள்...

வாலாஜாபேட்டை பக்கம் நாங்கள் வேலை செய்த புளி கோல்டு ஸ்டோரேஜில் அவர் கம்ப்ரசர் ஆபரேட்டர். நான் மூட்டை அடுக்கும் பெண்களில் ஒருத்தி. அவரோடு பேச்சை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிறது.

அப்போது ரூமைக் குளிர வைக்க அமோனியா கேஸ். கந்தக வத்தியைக் கொளுத்திப் பைப் நெடுகக் காட்டிக்கொண்டே போவார். லீக் இருக்கும் இடத்தில் வெள்ளையாகப் புகை கிளம்பும்.

"இன்னாண்ணா, சர்ச்சுக்குப் போற ஆளு பைப்புக்கு ஊதுவத்தி காட்டுற?" என்பேன்.

"நீயும் கும்புட்டுக்கோமா. உள்ள போறது நீதான" என்பார்.

ஒருநாள் நிஜமாகவே லீக். கண் எரிந்தது... பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப் நாற்றம் என்று நினைத்து நாங்கள் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டிருந்தோம். எங்கள் ஊர் மூக்குக்கு அது என்ன புதுசா?

ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். அதோடு விட்டிருக்கலாம்.

"மூக்கா அது? மூஞ்சில சும்மா மாட்டி வச்சிருக்கியா?"

முதலாளி முன்னால்... லாரிக்காரன் முன்னால்... எல்லோரும் சிரித்தார்கள்.

உயிரைக் காப்பாற்றினார், ஒத்துக்கொள்கிறேன். பேச்சு அன்றைக்கே கட்.

பிறகு முதலாளி நாற்றமில்லாத கேஸில் ஓடும் புது கம்ப்ரசர் வாங்கினார். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "நாத்தம் வந்தா ஓடிடலாம் சார். இது போனாகூட தெரியாது."

"உன் அமோனியாவுக்கு பயந்து ஆளே வர மாட்டேங்குதேப்பா" என்றார் முதலாளி. அதுவும் சரிதான்.

அந்தப் புது கேஸ் சத்தமில்லாமல் லீக் ஆகிப் போய்விடும். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், ரூமில் குளிர் இருக்காது, புளி கசியும். அண்ணன் சோப்பு நுரை தடவிப் பைப் பைப்பாகத் தேடுவார்.

"இப்ப எனக்கும் மூக்கு இல்ல" என்றார் ஒருநாள், என் காதில் விழுகிற மாதிரி. நான் திரும்பவே இல்லை.

இன்றைக்கு அவர் வீட்டுக்குப் போனேன். ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். மகன் துபாயிலிருந்து நாளைக்குத்தான் வருகிறான்.

மாலை வைக்கும்போது கண்ணாடியில் கை பட்டது... குளிரவே இல்லை. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"கேஸ் போயிருக்கு. வேற பெட்டி கொண்டாப்பா" என்றேன் பெட்டிக்காரப் பையனிடம்.

"ஆன் பண்ணி கொஞ்ச நேரம்தான் ஆச்சு ஆயா. செட் ஆவும்."

"செட் ஆவாது. புள்ள வர்றதுக்குள்ள அவரு மூஞ்சி கெட்டுப்போனா நீ பதில் சொல்லுவியா?"

வேறு பெட்டி வந்தது. கண்ணாடி ஜில்லென்று ஆகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் அவரிடம் வாய் திறந்தேன். "குளுருதாண்ணா?"

கோபம் போகவில்லை. நீ போய்ட்டு வாண்ணா.