சிலுப்பாத கிடா

எடை மேடையில் ஏறாத எதையும் நான் நம்பியவன் அல்ல. மோகனூர்ப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் முப்பத்தொரு வருடம் கரும்பு வண்டிகளுக்கு எடை போட்டவன். பேய், சாமியாட்டம், குறி கேட்பது எல்லாவற்றுக்கும் தள்ளியே நின்றேன். இதைப் படித்துவிட்டு, கிழவனுக்கு வெயிலில் தலை சுற்றியிருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். நானும் எனக்கு அப்படித்தான் பல தடவை சொல்லிப் பார்த்தேன்.

என் மனைவி சரசுவுக்குப் போன தை மாதம் பக்கவாதம் வந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவளுக்கு நினைவில்லை. என் மகன் அந்த இடத்திலேயே கருப்பனாரை வேண்டிக்கொண்டான்: அம்மா பிழைத்து வந்தால் வீட்டுக் கிடாயை வெட்டுகிறேன் என்று. பிழைத்து வந்தாள். வலது கையும் காலும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அது என் வேலை. ஒரு முறை கூடத் தவறவிட்டதில்லை.

அந்தக் கிடா தாயில்லாக் குட்டியாக வந்தது. சரசுதான் பால் புட்டியில் ஊட்டி வளர்த்தாள், ராசு என்று பெயர் வைத்தாள். நாக்கை மேலண்ணத்தில் மூன்று முறை தட்டி, "ராசு, வா சாமி" என்பாள். எங்கே மேய்ந்தாலும் ஓடி வரும். ஆம்புலன்ஸ் கிளம்பிய அன்று கயிற்றை அறுத்துக்கொண்டு தார் ரோடு வரை பின்னால் ஓடியது, அப்புறம் ஊருக்கு மேற்கே இருக்கிற பாறைக் கரட்டில் ஏறியதுதான், இறங்கவே இல்லை.

வேண்டுதல் நாள் நெருங்க நெருங்க மகனுக்குத் தூக்கம் போயிற்று. "செய்யாம உட்டா அம்மாவுக்குத் திரும்ப வந்துருமுங்கப்பா" என்றான். எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் நம்பாதவனுக்கும் பயம் உண்டு, அவளை வைத்துக்கொண்டு பரீட்சை பார்க்க எனக்குத் தைரியமில்லை. கிடா வெட்டுப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் சரசுவின் இடது கண்ணிலிருந்து நீர் வடியும். அது நோயினால் என்று நாங்கள் துடைத்துவிட்டோம்.

கிடாயைப் பிடிக்க மகன் ஆட்களோடு இரண்டு தடவை போய்த் தோற்று வந்தான். மூன்றாம் தடவை நானும் சரசுவின் தம்பி குப்புசாமியும் கிளம்பினோம். அவன் போர்வெல் ரிக் வண்டியில் வடக்கே எல்லாம் சுற்றியவன், வாய் அதிகம்.

கரட்டில் ஏறின ஆட்டைப் பிடிப்பதைப் பற்றிக் கேட்டால் நான் ஒரு நாள் முழுக்கப் பேசுவேன். வீட்டு ஆடுதானே என்று நினைக்காதீர்கள். ஆறேழு மாதம் மலையில் தனியாகத் திரிந்த ஆடு காட்டு ஆடாகிவிடுகிறது. மேலே நின்று நம்மைப் பார்த்துக்கொண்டே அசை போடும், நாம் நெருங்கினால் இன்னும் மேலே போகும், எப்போதும் மேலே, கீழே மட்டும் ஓடாது. அதனால் அதற்கு முன்பே சுற்றிப்போய் நாம் உச்சியில் இருக்க வேண்டும். காற்று நம் முதுகிலிருந்து அடித்தால் வாசனை பிடித்துவிடும், எனவே இன்னும் சுற்ற வேண்டும். கால் வைத்த கல் உருளும். பாறை கொதிக்கும். தொடை எரியும், மூச்சு நெஞ்சுக்குள் போகாமல் தொண்டையிலேயே திரும்பும். நான் நாற்பது அடி வைத்து நிற்பது, நாற்பது அடி வைத்து நிற்பது என்று ஏறினேன்.

"என்னத்த எண்றீங்க மாமா? ஆடு ஒண்ணுதானுங்க" என்றான் குப்புசாமி.

"மூச்ச எண்றேன் மாப்ள. அது தீர்றதுக்குள்ள ஏறோணும்."

"தீந்தா சொல்லுங்க, அக்காகிட்ட நான் பதில் சொல்லோணும்."

அவன் கயிற்றோடு கிழக்குச் சரிவில் நின்றுகொண்டான். நான் மேற்கே சுற்றி ஏறி, கிடாயை அவன் பக்கம் தள்ளுவதாக ஏற்பாடு. ஏறிவிட்டேன். ஊஞ்சமரப் புதருக்குப் பின்னால் அதன் கொம்பும் தெரிந்தது. ஓர் அடி எடுத்து வைத்தேன், இடது முழங்கால் மடங்கிற்று. வழுக்குப் பாறையில் உட்கார்ந்தபடியே சறுக்கி, இரண்டு ஆள் உயரம் கீழே ஒரு பாறைத் திண்டில் போய் விழுந்தேன். கட்டில் அகலம்கூட இல்லாத திண்டு. கீழே எட்டிப் பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை. செல்போன் குப்புசாமியின் பையில். கத்தினேன், காற்று என் முகத்திலேயே திருப்பிப் போட்டது.

நல்ல பட்டப்பகல். என் கவலையெல்லாம், இரண்டு மணிக்கு அவளைப் புரட்ட வேண்டுமே, மருமகள் மறந்துவிட்டால்? அப்புறம் இன்னொன்று தோன்றியது. நான் இங்கேயே கிடந்துவிட்டால், இனி யார் புரட்டுவார்கள்? அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்போது என் தலைக்கு மேலே நாக்கைத் தட்டுகிற சத்தம் கேட்டது. மூன்று முறை.

"ராசு, வா சாமி."

நம்பினால் நம்புங்கள். நாற்பத்தாறு வருடம் கேட்ட குரலை எனக்குத் தெரியாதா? நோய்க்கு முந்தைய குரல், மூக்கு கொஞ்சம் அடைத்தது போல இருக்குமே, அதே குரல்.

"பயப்படாத. தண்ணி தெளிச்சா சிலுப்பக் கூடாது, கேட்டுக்கிட்டியா? எத்தன தெளிச்சாலும் சிலுப்பக் கூடாது." கொஞ்சம் பொறுத்து, "அவருக்கு முட்டி சுகமில்ல. மெதுவாக் கூட்டிட்டு வா."

கிடா திண்டின் ஓரமாக, எனக்குக் கண்ணிலேயே படாத ஒரு தடத்தில் இறங்கி வந்தது. என் தோளில் மூக்கை வைத்தது. அதன் கழுத்தைப் பிடித்து எழுந்தேன். அது ஓரடி வைக்கும், நிற்கும், நான் ஓரடி வைப்பேன். அப்படியே கீழே கொண்டுவந்து சேர்த்தது.

குப்புசாமி கையில் சுருட்டிய கயிற்றோடு வாயைத் திறந்து நின்றான். "நீங்க கிடாயப் புடிச்சீங்களா மாமா, கிடா உங்களப் புடிச்சுதுங்களா?"

வீட்டுக்குள் நுழைந்ததும் மருமகளிடம், "அத்தை ஏதாவது பேசினாளா?" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "இல்லீங்க மாமா. நல்லாத் தூங்குனாங்க. ரெண்டு மணிக்கு நான்தான் பொரட்டிப் படுக்க வெச்சேன்." ஜன்னலுக்கு வெளியே கிடாயைக் கட்டினேன். சரசு கண் விழித்து, இடது கையை ஜன்னல் கம்பிக்கு நீட்டினாள். அது நக்கியது.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெட்டுவதற்கு முன் கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். ஈரம் பட்டால் எந்த ஆடும் சிலுப்பும், அது தோலின் இயல்பு என்று நான் பல வருடம் வாதாடியிருக்கிறேன்.

கோயிலில் பூசாரி தெளித்தார். கிடா அசையவில்லை. மறுபடி தெளித்தார். "சாமி, உத்தரவு குடு" என்று மகன் கைகூப்பினான். மூன்றாவது தடவை ஒரு குடத்தையே முதுகில் கவிழ்த்தார்கள். கல்லாக நின்றது. வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது, காது கூட ஆடவில்லை.

"கருப்பனாருக்கு இது வேண்டாமாட்ட இருக்குதுங்க" என்றார் பூசாரி. "ஊட்டுக்கே திருப்பிக் குடுத்துட்டாரு. பொங்கல் வெச்சுட்டுக் கூட்டிட்டுப் போங்க. அம்மாவுக்கு ஒண்ணும் வராது." மகன் முகத்தில் அன்றுதான் தெளிவு வந்தது.

அந்தக் குரலைப் பற்றி நான் மகனிடமும் சொல்லவில்லை, குப்புசாமியிடமும் சொல்லவில்லை. சரசுவிடம் மட்டும் ஒரு நாள் புரட்டிவிடும்போது, "நீயா அது?" என்று கேட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வடியவில்லை.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்பீர்கள். ஐப்பசி மழை வந்தது. மற்ற ஆடுகள் நனைந்தவுடன் சிலுப்பிக்கொண்டு கொட்டகைக்கு ஓடின. ராசு ஜன்னலடியில் சொட்டச் சொட்ட நின்றது. அன்றிலிருந்து எத்தனை மழை, நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஒரு முறை கூட அது உடம்பைச் சிலுப்பவில்லை. துண்டை எடுத்துப் போய் நான்தான் துவட்டிவிடுகிறேன். துவட்டும்போது கைக்கு அடியில் அதன் தோல் துடிக்கிறது. சிலுப்ப வேண்டும் என்று அதற்கு இருக்கிறது, அடக்கிக்கொண்டு நிற்கிறது.

"போதும் சாமி, இனி சிலுப்பிக்க, ஒண்ணும் ஆகாது" என்று காதில் சொல்லிப் பார்க்கிறேன். அது என்னைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஜன்னலையே பார்த்து நிற்கிறது, உள்ளே இருப்பவள் சொல்லட்டும் என்று.