ராணியின் குரல் உடைந்தபோது

உள்ளங்கை அளவுக் கைக்கண்ணாடி. ஓரத்தில் மூன்று கீறல். ஒப்பனை அறையில் அதைப் பிடித்துக்கொண்டு என் மேலுதட்டில் முளைத்த ரோமங்களை எண்ணினேன். பதினொன்று. முந்தைய வாரம் ஏழுதான். எனக்கு வயது பதிமூன்று. மதுரையில் சிறுவர்களை வைத்து நடத்திய நாடகக் கம்பெனியில் நான்தான் ராணி.

பரவையிலிருந்து வந்து சேர்ந்து நான்கு வருஷம். ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடுவேன். பெண் வேஷக்காரர்களுக்கு முதல் பந்தி, சோற்றுக்கு நெய். குரல் உடைந்தால் நெய் நின்றுவிடும். பெரும்பாலும் ஊருக்கே அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போனவர்கள் மூவர். ஆகையால் ஒன்பது நாள் வசனம் தவிர ஒரு வார்த்தை பேசாமல் மிளகும் பனங்கற்கண்டும் மென்றேன். உடம்பு வளர்வதைப் பத்தியத்தால் நிறுத்திவிடலாம் என்று நம்பினேன். காரணமில்லாமல் எரிச்சல் வந்தது, அழுகை வந்தது. தோளில் கைபோட்டுத் திரிந்த பையன்களிடமிருந்து விலகிப் படுத்தேன்.

எனக்கு ஜோடியாக ராஜா வேஷம் போட்டவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். அண்ணே என்பேன், அவர் கேலியாக என்னை ‘ஏ புள்ள’ என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகனைப் பறிகொடுத்த ராணி புலம்பும் கட்டம். மூன்றாவது அடியில் என் குரல் கிறீச்சிட்டு, அடுத்த சொல்லில் தகர டப்பாவாக உருண்டது.

“ஏப்பா, ராணி ஆம்பளையாயிட்டாடோய்!” என்று தரை டிக்கெட்டில் ஒருவன் கத்தினான். கொட்டகையே சிரித்தது.

“தேவி, துக்கம் தொண்டையை அடைக்கிறதோ?” என்று கேட்டு, மீதிப் பாட்டை அண்ணனே பாடி முடித்தார்.

உள்ளே வந்ததும் கம்பெனியை நடத்திய வாத்தியார், “காலையில இவனப் பரவைக்கு அனுப்பிருங்க” என்றார்.

“வாத்தியாரே, பபூன் ஓடிப்போயி எட்டு நாளாச்சு. இவன் அம்புட்டுக் கூட்டத்தையும் சிரிக்க வச்சுட்டானே!” என்றார் அண்ணன்.

வாத்தியார் என்னை முறைத்தார். “எங்கடா, சிரி பாப்போம்.”

அழுதுகொண்டிருந்த நான் சிரித்தேன். குரல் மேலே தாவிக் கீழே விழுந்தது. வாத்தியாருக்கே அடக்க முடியவில்லை.

மறுநாள் என் நீள முடியை வெட்டினார்கள். இரண்டாம் பந்தியில் அண்ணன் நகர்ந்து இடம் விட்டார். “இங்கிட்டு உக்காரு மாப்ள. நெய்யி மட்டும் கேக்காத.” அந்த ‘மாப்ள’யில் எனக்கு ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கியது.

அடுத்த ஞாயிறு, பபூன் வேஷத்தில் என் குரல் உடைந்தபோதெல்லாம் ஜனம் சிரித்தது. மொத்தம் பதினேழு முறை. இன்று வீட்டில் நான் எம்புட்டுப் பேசினாலும் ஒரு சிரிப்புகூடத் தேறுவதில்லை. அன்றோ, பதினெட்டாவதற்காக மேடையை விட்டு இறங்காமல் நின்றேன்.