வலப்பக்கத்துப் பெட்டி

பொன்னேரியில் என் வீட்டுக்கு முதல் தடவையாக வருகிறவர்கள் கூடத்து அலமாரியைப் பார்த்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அலமாரியின் வலது கோடியில் மர நிறத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருக்கிறது. இடது கோடி காலி. புத்தகமோ பூச்சாடியோ பள்ளிக்கூடத்தில் கொடுத்த கேடயமோ எதையும் அங்கே வைக்க நான் விடுவதில்லை. தினமும் துடைப்பதோடு சரி. "இன்னொண்ணு ரிப்பேரா டீச்சர்?" என்பார்கள். ரிப்பேர் இல்லை, அது பழவேற்காட்டுப் பக்கம் லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் மாமா வீட்டில் இருக்கிறது என்பேன். அதற்கு மேல் சொல்ல ஆரம்பித்தால் டீ ஆறிவிடும் என்று பெரும்பாலும் அத்தோடு நிறுத்திவிடுவேன். இன்று எழுதவே உட்கார்ந்துவிட்டேன், ஆறினால் ஆறட்டும்.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். ஃபைபர் போட்டில் இஞ்சின் பிடிக்கிறவர். இருபது வருஷத்துக்கு மேலாகப் படகின் பின்பக்கம், இஞ்சினுக்கு வலது தோளைக் கொடுத்து உட்கார்ந்து கடல் தொழிலுக்குப் போய் வந்தார். கரையில் இருக்கிற நேரமெல்லாம் அவருக்குப் பாட்டு வேண்டும். வலை தைக்கும்போது பாட்டு, சாப்பிடும்போது பாட்டு, அக்காவிடம் திட்டு வாங்கும்போதும் பின்னணியில் பாட்டு. எல்லாம் கல்யாணத்துக்கு எங்கள் நைனா சீராகக் கொடுத்த மியூசிக் செட்டில்தான். வீட்டுச் சுவரை ஒட்டி அவர் வலை தைக்க உட்காரும் இடத்துக்கு வலது கைப்பக்கம், ஒரு ஸ்டூலின் மேல் அது இருந்தது. உப்புக்காற்றுக்குப் பயந்து அக்கா அதற்குப் பழைய புடவையில் உறை தைத்துப் போட்டிருந்தாள்.

சில வருஷங்களுக்கு முன்னால் அந்த செட்டின் மேல் மாமா குறை சொல்லத் தொடங்கினார். "இந்தப் பாட்டுல சலங்க சத்தம் ஒண்ணு வரும். இப்ப அது எங்க பூச்சுனே தெர்ல. உங்க நைனா பாத்துப் பாத்து ஒரு பொக்கு செட்ட என் தலையில கட்டிட்டாரு," என்றார். பொக்கு என்றால் உள்ளே ஒன்றுமில்லாத சொத்தை. என் காதுக்கு அந்தச் சலங்கை நன்றாகவே கேட்டது. மச்சினியை வம்புக்கு இழுக்கிறார் என்றுதான் நினைத்தேன். "இத்தினி வருசம் உப்புக்காத்துல கெடந்தா நீயே பொக்கா பூடுவ மாமா," என்று பதிலுக்கு வாரிவிட்டேன். மாமா சிரிக்கவில்லை. அதை அன்றைக்கு நான் கவனிக்காமல் விட்டது இன்றும் மனசை உறுத்துகிறது.

அவர் மனசில் ஓடிய பயத்தைப் பின்னால்தான் என்னிடம் சொன்னார். கோளாறு செட்டில் என்றால் கடைக்குப் போய் வேறு வாங்கிவிடலாம். காதில் என்றால் எந்தக் கடைக்குப் போவது? நல்லதாக ஒரு புது செட் வாங்கி, அதில் சலங்கை பழையபடி கேட்டுவிட்டால் காது பிழைத்தது. இதையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டு வெளியே, "டீச்சரு, ஒசத்தியா ஒரு செட்டு வாங்கணும், நீ படிச்சுப் பாத்து சொல்லு," என்று மட்டும் சொன்னார்.

எனக்கும் அப்போது ஒன்றும் தெரியாது. ஆனால் டீச்சர் என்று சொல்லிவிட்ட பிறகு தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. போனில் வீடியோக்கள் பார்த்தேன், சின்னதாக ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கி நோண்டிப் பழகினேன், ஞாயிற்றுக்கிழமைகளில் குப்பத்துக்குப் போய் மாமாவுக்கு வகுப்பெடுத்தேன். அவர் எல்லாவற்றையும் இஞ்சினுக்குக் கொண்டுபோய்விடுவார். வாட்ஸ் என்றால், "அது எத்தினி எச்பி?" என்பார். கீச்சுக் குரலைத் தருகிற ட்வீட்டருக்குச் சிட்டு என்றும், அடித்தொண்டையில் உறுமுகிற வூஃபருக்கு மாடு என்றும் பெயர் வைத்தார். "சிட்டு நல்லாகீற பொட்டியா பாரு, மாடு எப்டி இருந்தாலும் பரவால்ல," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சலங்கைக்காகத்தான் என்பது புரியாமல், மாடும் முக்கியம் மாமா என்று நான் ஒரு மணி நேரம் விளக்கினேன்.

கடைசியில் ஒரு நாள், தொழில் இல்லாத நாளாகப் பார்த்து, இரண்டு பேரும் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனோம். மாடியில் ஒரு சின்னக் கடை. கடைக்கார பாய் பொறுமைசாலி. மாமா கேட்ட முதல் கேள்வி, "இத்தக் கரையில வச்சா போட்டுக்குக் கேக்குமா பாய்?" குப்பத்தில் சத்தத்துக்கு அதுதான் அளவு. அம்மன் திருவிழாவில் கட்டுகிற ஹாரன் கடலுக்குள் எவ்வளவு தூரம் கேட்டது என்றுதான் பேசிக்கொள்வார்கள். "பக்கத்து வீட்டுக்கே கேக்க வேணாம்ணே, உங்க ஒருத்தருக்கு நல்லாக் கேட்டா போதும்," என்றார் பாய். மாமா அதைக் கேட்டு அசந்துபோனார். அப்புறம் வரிசையாக இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டி, பக்கவாட்டில் காதை வைத்துப் பார்த்தார். ஃபைபர் போட்டில் உள்விரிசல் இருக்கிறதா என்று அப்படித்தான் தட்டிப் பார்ப்பார்கள். எல்லாப் பெட்டிக்கும் அவர் இடது காதைத்தான் கொடுத்தார். தட்டித் தட்டி அவர் கை நின்ற ஜோடி கடையிலேயே நல்ல ஜோடி என்று பாய் ஒத்துக்கொண்டார்.

இரண்டு பெட்டிக்கும் நேர் நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு முதலில் என்னை உட்காரவைத்தார் பாய். பாட்டு தொடங்கியதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இடப்பக்கம் வயலின்கள், வலப்பக்கம் சலங்கை. ஒன்றுமே இல்லாத நடு இடத்தில், நேர் எதிரே, பாடுகிறவர் நின்று பாடினார். ஆள் இல்லை, ஆனால் நின்றார். அடுத்து மாமா உட்கார்ந்தார். "கண்ண மூடிக்கோங்கண்ணே. பாடறவர் எங்க நிக்கிறார், கை காட்டுங்க," என்றார் பாய். மாமா கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கச் சுவரைக் காட்டினார். பாய் ஒயர்களைச் சரிபார்த்தார், இடம் வலமாக மாற்றி மாட்டினார். மாமா மறுபடியும் இடது பக்கச் சுவரையே காட்டினார்.

பாய் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். "அண்ணே, வலது காது எப்படி?" என்று மெதுவாகக் கேட்டார்.

மாமா முழங்காலைத் தடவிக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "உங்க நைனா குடுத்த செட்டு நல்ல செட்டு தான் டீச்சரு. அது மேல தப்பில்ல," என்றார். பொக்கு என்று சொன்னேனே என்று என் வாயை நானே நொந்துகொண்டேன். தேறி எழுந்தவர் மாமாதான். "ஒத்தக் காதுக்கு எதுக்குப் பாய் ரெண்டு பொட்டி, ஒண்ணு குடு," என்றார். ஜோடியாகத்தான் விற்பனை, தனியாகத் தருவதில்லை என்றார் பாய். அப்படியானால் இன்னொன்று எனக்கு என்று நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். ஒற்றைப் பெட்டியிலேயே முழுப் பாட்டும் வருவதற்கு எந்த பட்டனைத் தட்ட வேண்டும் என்று பாய் சொல்லிக்கொடுத்தார்.

குப்பத்தில் அக்கா கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். "ஜோடிப் பொட்டிய எவனாச்சும் பிரிப்பானா?" என்று சண்டைக்கு வந்தாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு, வலது காது கேட்கவில்லை என்பதைச் சொன்னார்.

"யோவ், மூணு வருசமா நான் இன்னாத்துக்கு உனக்கு எடது பக்கமாவே குந்திக்கினுகீறேன்னு நெனச்ச?" என்றாள் அக்கா. "சொன்னா மனசு ஒடைஞ்சிடுவன்னு கம்முனு இருந்தேன். அந்தப் பழைய செட்ட இந்தாண்ட நவுத்தி வச்சிருந்தா மெட்ராசுக்கே போயிருக்க வேணாம்."

சிரிக்க ஆரம்பித்த மாமா இருமல் வரும்வரை நிறுத்தவில்லை. காது டாக்டரிடம் போக வைத்ததும் அக்காதான். இத்தனை வருஷ இஞ்சின் சத்தத்தில் வலது காதின் நரம்பு போய்விட்டது, இருக்கிற காதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மாமா இப்போது இஞ்சினை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் படகின் முன்பக்கம் உட்கார்ந்து தொழிலுக்குப் போகிறார். புதுப் பெட்டி அவருக்கு இடது பக்கம் இருக்கிறது. பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் அக்கா உட்கார்ந்து இறால் உரிக்கிறாள். சலங்கை கேட்கிறதாம்.

மாமா எங்கள் வீட்டுக்கு வெறும் கையோடு வருவதில்லை. துண்டில் மீன் இருக்கும், மடியில் அவருடைய ஸ்பீக்கர் பெட்டி இருக்கும். பழவேற்காடு பஸ்ஸில் அதைப் பழைய வேட்டியில் சுற்றி அணைத்துக்கொண்டே வருவார். "இன்னாயா அது, கொழந்தையா?" என்று கண்டக்டர் கிண்டல் செய்வாராம். ஒற்றைக் காதுக்கு ஒரு பெட்டி போதும், ஆனால் "டீச்சருக்கு ரெண்டு காதும் நல்லாகீதே," என்பது அவர் நியாயம். போன ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். அலமாரியின் காலி இடத்தில் பெட்டியை வைத்து, ஒயரை மாட்டி, நடு நாற்காலியில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, ஓரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டார். பாட்டு தொடங்கியது.

"பாடறவரு இப்ப எங்க நிக்கிறாரு டீச்சரு?"

கண்ணை மூடிக்கொண்டு நேர் எதிரே விரலை நீட்டினேன்.

"சலங்க?"

விரலை வலது பக்கம் நகர்த்தினேன். கண்ணைத் திறந்தபோது, நான் காட்டிய இடத்தையே மாமா பார்த்துக்கொண்டிருந்தார்.