பாதி லோடு

என் வீட்டுக்காரர் லடாக்கில் ரோடு வேலைக்கு ஜல்லி ஏற்றும் சின்ன டிராக்டர் ஓட்டப் போயிருக்கிறார். இங்கே ஸ்ரீராம்புரத்தில் இருந்தவரை வாய் மூடாத மனுஷர், அங்கே போனதும் போனில் இரண்டு வார்த்தை பேசுவார், பிறகு மௌனம். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"பேச இஷ்டம் இல்லன்னா சும்னே எதுக்குங்க போன் பண்றீங்க?" என்று ஒருநாள் வீடியோ காலில், கன்னடம் கலந்த எங்கள் ஊர்த் தமிழில் கத்தினேன்.

அவர் போனை டிராக்டர் பக்கம் திருப்பினார். கூட்டாளி ஓட்ட, அது கரும்புகை கக்கியபடி முக்கி முக்கி மேடேறியது. டிரெய்லரில் பாதிதான் ஜல்லி.

"இங்க காத்து கம்மி," என்று சொல்லி மூச்சு வாங்கினார். "டீசல் எரியவே பத்தாது. முழு லோடு ஏத்துனா வண்டி இழுக்காது. எனக்கும் அதே கததான்டி. சிக்னலுக்காக மேட்டுல ஏறி வர்றேன். பேச மூச்சு வரல."

அன்று முதல் நான்தான் பேசுகிறேன். குழாயடிச் சண்டை, மகளுக்கு விழுந்த பல், எதையும் விடுவதில்லை. அவர் "ம்" கொட்டுவார். அதைக் கேட்கவே பகலெல்லாம் கதை சேர்க்கிறேன்.

பனிக்காலத்தில் வேலை நின்றுவிடும், வந்துவிடுவார். அப்போது நான் வாயே திறக்க மாட்டேன். முழு லோடும் அவரே பேசட்டும்.