ஆர்டர் போகும் ஊருக்கெல்லாம்

முப்பது வயதுப் பெண் ஒருத்தியை இன்னொருத்தி "தாத்தா" என்று கூப்பிட்டதைக் கேட்டுத்தான் கொழும்பில் நான் முதன்முதலாகச் சிரித்தேன். ஒருகொடவத்தையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இருக்கும் தையல் ஆலையில் அப்போது எனக்கு முதல் வாரம். "ரிசானா தாத்தா, நூல் முடிஞ்சிட்டு!" என்று ஒருத்தி கத்தினாள். நரைத்த தாடியோடு யாரோ வரப்போகிறார் என்று திரும்பினேன். வந்தவள் பச்சை முக்காடு போட்டிருந்தாள்; என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்பார்களாம். "ஒங்கட ஊர்ல தாத்தாண்டா யாரு மிஸ்?" என்று கேட்டாள். அப்பாவின் அப்பா என்றேன். அவள் மெஷின்மேல் தலையைச் சாய்த்துச் சிரித்ததில் அந்த லைனே தையலை நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம்.

நான் திருப்பூர்க்காரி. கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே இருக்கும் மளிகைக்கடைக்காரர் என் பேச்சைக் கேட்டதுமே "இந்தியாவோ? எந்த இடம்?" என்றார். சொன்னேன். "திருப்பதியோ! அடுத்த முறை வரேக்க பிரசாதம் கொண்டு வாங்கோ" என்று கையெடுத்துக் கும்பிட்டார். திருப்பதி இல்லை, திருப்பூர், ஊர் ஊருக்குப் பனியன் தைத்து அனுப்புகிற ஊர் என்று கொஞ்சம் பெருமையாகவே விளக்கினேன். "பெனியனோ? அது சைனாவில இருந்துதானே வருது" என்றபடி பருப்பை நிறுத்துக் கொடுத்தார். அந்தப் பெருமையை அதன்பிறகு நான் யாரிடமும் காட்டவில்லை. காட்டுவதற்கு ஊரில் அது அவ்வளவாக மிச்சமும் இல்லை.

எங்கள் துணிக்கு அமெரிக்காவில் வரியை ஏற்றிவிட்டார்கள் என்று டிவியில் சொன்னபோது, யாருக்கோ வந்த வியாதியைப் பற்றிக் கேட்பதுபோலத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். அடுத்து வந்த மாதங்களில் அது எங்கள் தெருவுக்கே வந்தது. நான் செக்கிங்கில் இருந்த கம்பெனியிலேயே என் கணவரின் தங்கை செல்வி டெய்லராக இருந்தாள். அவள் லைனை மொத்தமாக வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதே வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, அந்த ஆர்டர் கொழும்புக்குப் போகிறது, அங்கே வரி குறைவு, சரக்கை வாங்கும் பையர் கேட்கும் தரம் தெரிந்த ஆள் ஒருத்தர் கூடப் போக வேண்டும் என்றார். கணவரின் விசைத்தறிக்கூடம் மூடிக் கிடந்தது, மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். சரி என்றேன். கிளம்பும் அன்று செல்வி முறுக்குச் சுட்டுக் கொண்டுவந்தாள். "எங்க வேலைய நல்லபடியாப் பாத்துக்குங்க அண்ணி" என்றாள். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கொழும்பில் அந்த ஆர்டரை விருந்தாளிபோல வரவேற்றார்கள். எரிபொருளுக்கும் மருந்துக்கும் டாலர் இல்லாமல் வரிசையில் நின்ற காலத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. ஏற்றுமதி என்று சொன்னாலே முகம் மலர்ந்துவிடுகிறது. ஆனால் நான் நாள் முழுக்கப் பெட்டி பிரிப்பவள். துணி சீனாவிலிருந்து வருகிறது. நூல் எங்கள் பக்கத்திலிருந்து வருகிறது. பட்டனும் லேபிளும் வேறெங்கிருந்தோ வருகின்றன. வந்த டாலரில் பாதிக்கும் மேல் வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறது. இந்த மண்ணில் தங்குவது மட்டக்குளியிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும் பெண்களின் தையற்கூலி மட்டும்தான். அதையும் ஒவ்வொரு சீசனுக்கும் குறைக்கச் சொல்லிப் பையர் கேட்கிறார். ஒரு சட்டைக்கான கூலி குறைந்தால் அதே சம்பளத்துக்குக் கூடுதலாகத் தைக்க வேண்டும். கூடுதலாகத் தைத்தால் சந்தையில் துணி குவிந்து விலை இன்னும் இறங்கும். திருப்பூரில் நாங்கள் இறங்கிய அதே படிக்கட்டுதான் இது. இவர்கள் இறங்க ஆரம்பித்திருப்பதை நான் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சீசனுக்குக் குழந்தைகளுக்கான டீ-ஷர்ட், மாங்காய்ப் பச்சை நிறத்தில், மார்பில் ஒரு படகு. அதே சட்டையைப் பையர் இன்னும் இரண்டு நாடுகளில் தைக்கக் கொடுத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. முந்தியவர்களின் சரக்கை எடுத்துக்கொண்டு, எங்களுடையதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெட்டிகள் பக்கத்துக் கிடங்கில் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன. பின்பு லேபிளை வெட்டியெடுத்துவிட்டுக் கிலோ கணக்கில் உள்ளூர் வியாபாரிகளுக்கு விற்றார்கள்.

ஒரு மாலை நானும் ரிசானாவும் கொட்டாஞ்சேனைச் சந்தியில் நடந்துகொண்டிருந்தோம். நடைபாதை முழுக்க அந்தப் பச்சைப் படகுகள் குவிந்து கிடந்தன. அவள் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது நாங்க தச்சதுதானே மிஸ்?"

"ஆமா ரிசானா."

"எங்கட நிசாமும் இந்த யாவாரிக்குத்தான் புள்ளைகள்ட உடுப்புத் தச்சிக் குடுக்கிற. ரெண்டு கெழமையா வேணாண்டு சொல்றாங்களாம். ஏண்டு விளங்காம இருந்திச்சி." சட்டையை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். "இப்ப விளங்குது."

நிசாம் அவள் கணவன். வீட்டிலேயே ஒரு மெஷின் போட்டுத் தைப்பவன். பெஞ்சாதி ஆலையில் தைத்ததே புருஷனின் பிழைப்பை மூடிவிட்டது. நான் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். "இனி ஆர்டர் வந்தா எல்லாம் சரியாப் போகும்" என்று அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள்.

வரவேண்டிய அடுத்த ஆர்டர் கென்யாவுக்குப் போய்விட்டது. அங்கே இன்னும் மலிவாம். மேனேஜர் ஐயா லைனைக் கூட்டி வைத்துச் சிங்களத்தில் நிறையப் பேசினார். எனக்குப் புரிந்தது அவர் கடைசியாகச் சொன்ன "ஸொரி" மட்டும்தான். பெண்கள் அழவில்லை. கைப்பைகளை எடுத்துக்கொண்டு, கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு வரிசையாகப் போனார்கள். என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். கென்யாவில் புது ஆட்களுக்குப் பழக்கிக் கொடுக்க வேண்டும், போகிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஊருக்குத் திரும்பினால் நானும் செல்வியோடு சேர்ந்து சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மறுபடியும் சரி என்றேன். நான் வேலைக்குப் போகிறவள் இல்லை. வேலை எங்கெங்கே ஓடுகிறதோ அங்கெல்லாம் அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவள். போகுமிடமெல்லாம் யாருடைய கையிலிருந்தோ பிடுங்கியதை யாருடைய கையிலோ வைத்துவிட்டு, அது மறுபடி பிடுங்கப்படும் வரை நின்று பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்வதற்காக ரிசானாவை வெள்ளவத்தைக் கடற்கரைக்கு வரச் சொல்லியிருந்தேன். தண்டவாளத்தைத் தாண்டிப் பாறைகளின்மேல் உட்கார்ந்தோம். நான் பேச்சை எடுப்பதற்குள் செல்வி வீடியோவில் கூப்பிட்டுவிட்டாள். "பக்கத்துல யாருங் அண்ணி?" என்றாள். போனைத் திருப்பி ரிசானாவைக் காட்டினேன்.

"நீங்கதான் எங்க ஆர்டரத் தச்சவங்களா?" என்றாள் செல்வி.

"ஓம். எங்களுக்கும் நிப்பாட்டிட்டாங்க."

"எதைங்க?"

"வேலைய."

"அட, உங்களுக்குமுங்களா?" செல்வியின் குரல் இறங்கியது. "இப்ப எங்கதான் போச்சாம்?"

"கென்யாண்டு சொல்றாங்க. அது எந்தப் பக்கம் ஈக்கிண்டும் தெரியா."

அப்போதுதான் நான் சொன்னேன். "அங்கேயும் நான்தான் போறேன்."

ஒரு ரயில் எங்களுக்குப் பின்னால் கடந்து போனது. ரிசானா என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தபடி, "போங்க அக்கா. அந்தப் புள்ளைகளுக்கும் வடிவாக் காட்டிக் குடுங்க" என்றாள். அவள் என்னை மிஸ் என்று சொல்லாமல் அக்கா என்றது அன்றுதான்.

"வடிவான்னா என்னங் அண்ணி?" என்றாள் செல்வி.

"நல்லா, ஒழுங்கா" என்றேன்.

பிறகு அவர்கள் இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது என்ன செய்கிறீர்கள், வீட்டில் மெஷின் இருக்கிறதா, பிள்ளைகள் எத்தனை பேர் என்று. பாதி வார்த்தை இவளுக்குப் புரியவில்லை, பாதி அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் என்னிடம் யாரும் அர்த்தம் கேட்கவில்லை. ரிசானாவின் முகம் சரியாகத் தெரிவதற்காகப் போனை அவளுக்கு நேராக நீட்டிப் பிடித்திருந்தேன். பெரிய சதுரத்தில் செல்வி இருந்தாள். ஓரத்துச் சின்னச் சதுரத்தில் ரிசானா இருந்தாள். கை மட்டும் என்னுடையது; அது இரண்டு படத்திலும் விழவில்லை.