நடுப்பாகத்தின் கடைசிப் பதினேழு தாள்கள்

நான் ஒரு புத்தகத்தின் கடைசிப் பதினேழு தாள்களை வெட்டி எடுத்தவள். "கதை இவ்வளவுதான்" என்று சொல்லி, மிச்சத்தை என் தம்பியின் மனைவியிடம் கொடுத்தவளும் நான்தான்.

சிரிக்காதீர்கள்! வெறும் தாள்கள்தானே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. புத்தகத்தின் ஓரத்தை மடித்த பிள்ளைகளை வகுப்பில் எழுப்பி நிறுத்திய தமிழ் ஆசிரியை நான் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அது மூன்று பாகங்களில் வந்த ஒரு மாயக்கதை. ஆனால் அதில் அரசன் இல்லை, வாள் இல்லை, யுத்தம் இல்லை... பக்க எண்கூட இல்லை. ஒரு கடற்கரை. அங்கே இறந்தவர்கள் மூடுபனியாகிக் கரையிலேயே நிற்பார்கள். அவர்களுக்காக வீட்டில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்வரை அந்தப் பனி கலையாது. முதற்பாகத்தின் முடிவில் படகுக்காரி ஒருத்தியின் கணவன் அப்படிப் பனியாகிவிடுகிறான். நடுப்பாகம் முழுவதும் அவள் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

ஒருத்தி எண்ணெய் ஊற்றுவதை ஒரு முழுப் பாகத்துக்கு வாசிக்க முடியுமா? முடிந்தது! மாரி காலத்தில் அதை வாசித்தேன். வாசித்துவிட்டுக் கல்முனைக் கரைக்குப் போனால், தூறலில் தோணிகள் அரைகுறையாய்த் தெரியும். கடல் எது, வானம் எது என்று பிரியாது. அந்த வெண்மைக்குள் யாரோ என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். எனக்குப் பயமே வரவில்லை.

அந்தக் கதைக்குள் என்னை இழுத்துவிட்டவன் என் தம்பி நஜீம். மருதமுனையில் றிஸ்வானாவைக் கட்டி அங்கேயே இருந்தான். முதற்பாகத்தை மாலை நேரங்களில் அவளுக்கு உரக்க வாசித்துக் காட்டியவன் அவன். நடுப்பாகத்தைத் தான் முதலில் முடித்துவிட்டு என்னிடம் தந்தான். "கெதியா முடிச்சிட்டுத் தாங்க தாத்தா, அவளுக்கு நான்தான் வாசிச்சுக் காட்டணும்" என்றான்.

மூத்த சகோதரியைத் தாத்தா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து நான் கேட்டது அன்றோடு சரி. இரண்டு கிழமையில் மாரடைப்பு. முப்பத்து நான்கு வயது!

றிஸ்வானா விதவைக்குரிய இத்தா இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும், வெள்ளை உடுப்போடு, வீட்டுக்குள்ளேயே. பிள்ளைகளும் இல்லை. ஒருநாள் என்னிடம் கேட்டாள், அந்த நடுப்பாகம் உங்களிடமா இருக்கிறது என்று. நானே வாசிக்கிறேன், அவருடைய குரலை நினைத்துக்கொண்டு வாசிப்பேன் என்றாள்.

இப்போது அந்தப் பதினேழு தாள்களில் என்ன இருந்தது என்று சொல்லவேண்டும். படகுக்காரி விளக்கைத் தன் கையாலேயே அணைக்கிறாள். பனி கலைகிறது. கணவன் விடுதலையாகிறான். அவள் அக்கரைக்குப் படகு வலித்துப் போய், அங்கே உப்பு விளைவிக்கும் ஒருவனுடைய வாசலில் இறங்குகிறாள். அவ்வளவு அழகான பக்கங்களை நான் அதற்கு முன் வாசித்ததில்லை. அதை வாசித்து அழுதவளும் நான்தான்!

எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளைதான் வந்து சேருவார். அப்படியானால்... இன்னொருவர் வந்தால்? அதே விறாந்தை, அதே பிரம்புக் கதிரை. என் தம்பி சாய்ந்து சாய்ந்து முதுகுப்பக்கம் தொய்ந்துபோன கதிரை. அதில் யாரோ ஒரு மனிதர் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார்! அந்தக் காட்சியை என்னால் தாங்க முடியவில்லை. அவள் தனியே கிடந்து வாடுவதை மட்டும் எப்படித் தாங்கினேன்? இதை என்னிடம் நானே எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன்.

அஸர் தொழுதுவிட்டு, தொழுத கையோடு, சவர பிளேட்டை எடுத்தேன். ஓர் அத்தியாயம் பக்கத்தின் அடியில் முடியும் இடம் ஒன்று இருந்தது. "நாளைக்கும் ஊற்றுவேன் என்றாள் படகுக்காரி." அந்த வரியோடு நிறுத்தினேன். பக்க எண் இல்லாதது எவ்வளவு வசதி! நடுப்பாகம்தானே, அந்தரத்தில் நின்றால் யார் சந்தேகப்படுவார்கள்?

அவள் சந்தேகப்படவில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

இத்தா முடிந்து ஒரு வருடம் கழித்துப் பாலமுனையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மனைவியை இழந்த ஆசிரியர். அமைதியானவர். றிஸ்வானாவின் உம்மா என்னையே அழைத்து, நீங்கள் சொன்னால் கேட்பாள் என்றார். நானும் போய் ஒப்புக்குச் சொன்னேன். அவள் சிரித்தாள். "படகுக்காரி இன்னும் எண்ணெய் ஊத்திட்டுத்தானே இரிக்கா மதினி" என்றாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் மனம் குளிர்ந்து கிடந்தது. ஆம், குளிர்ந்துதான் கிடந்தது... எழுதிவிட்டேன்.

அதற்குப் பிறகு யாரும் பெண் கேட்டு வரவில்லை. ஆறு வருடங்கள் போயின.

இந்த வருடம் மூன்றாம் பாகம் வெளியானது. கேள்விப்பட்டதும் பதினேழு தாள்களையும் அலுமாரியிலிருந்து எடுத்துக் கைப்பையில் வைத்தேன். அவள் அதை வாசிப்பதற்கு முன் சொல்லிவிடவேண்டும். காலில் விழுந்தாவது சொல்லிவிடவேண்டும். ஆனால் நான் போனபோது அவள் கொழும்பிலிருந்து எடுப்பித்து, வாசித்தே முடித்திருந்தாள். படகுக்காரியின் மகள் அக்கரையில் வளர்வதிலிருந்துதான் மூன்றாம் பாகம் தொடங்குகிறதாம்.

அவள் முகத்தில் கோபம் இருந்தது. என் மேல்தான் என்று நினைத்தேன். ஒருவிதத்தில் ஆறுதலாகக்கூட இருந்தது.

அவள் நடுப்பாகத்தை விரித்து, தையலோரம் விரலை வைத்தாள். வெட்டிய தாள்களின் அடிக்கட்டைகள் அங்கே மெல்லிய வரிசையாய் நின்றன.

"இத நான் இத்தாவிலயே கண்டுட்டன் மதினி. அவருதான் வெட்டி எடுத்திரிக்காரு. உங்களுக்குத் தாறதுக்கு முந்தியே வெட்டிரிக்காரு. அந்தத் தாளுகள்ல அவ விளக்க அணைச்சிரிப்பா, நானும் நூக்கக்கூடாதெண்டு அவருக்கு ஆசையாக்கும் எண்டு நினைச்சன். உங்களுக்கிட்ட செல்லல்ல. அவர நீங்க பிழையா நினைப்பீங்களெண்டு பயம்."

என்னிடமிருந்து என் தம்பியைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள்! ஏழு வருடங்களுக்கு மேலாக!

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "இப்ப அவரோட கோவம் கோவமா வருகுது. என்னக் கட்டிப் போட்டுட்டுப் போயிட்டாரு. மௌத்தானவங்களோட கோவிக்கலாமா மதினி?"

கைப்பை என் மடியில் இருந்தது. கொளுவியைத் திறக்கவேண்டியதுதான் பாக்கி. என் விரல் அதன்மேல் இருந்தது, சத்தியமாக இருந்தது! வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா?

"அல்லாஹ்க்கிட்ட அவனுக்குத் துஆ செய் புள்ள."

அவள் தலையாட்டினாள். தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனாள்.

அதற்குப் பிறகும் நான்கு தடவை போய்விட்டேன். ஒவ்வொரு தடவையும் தாள்கள் கைப்பையில் இருந்தன. தூறல் நாட்களில் போகும்போது, கடற்பக்கம் திரும்பாமல் நடக்கிறேன். அந்த வெண்மைக்குள் நிற்பவன் என்னைத் தாத்தா என்று கூப்பிட்டுவிட்டால்?

கடைசியாகப் போனது நேற்று. விறாந்தையில் அந்தப் பிரம்புக் கதிரை இல்லை. எங்கே என்று கேட்டேன். பழசாகிவிட்டது, பின்னுக்குப் போட்டிருக்கிறேன் என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

திரும்பும்போது வேலியோரமாகப் பார்த்தேன். கிணற்றடியில், மழையில், தலைகீழாய்க் கிடந்தது.